நீவக்கூடாத வீக்கம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ் கல்லாற்றைத் தாண்டியதும் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. முதலில் வருவது பெரியநீலாவணை. கிழக்கே கடல். கவிஞர் நீலாவணன் தன் பெயராக எடுத்துக்கொண்ட ஊர் இது. தெற்கே கொஞ்சத் தூரம் போனால் கைத்தறிச் சாரத்துக்குப் பேர்போன மருதமுனை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையில், வழக்கமும் வழிபாடும் வேறுபட்டாலும், விழுந்து அடிபட்ட பிள்ளைக்கு முதலில் நடப்பது ஒன்றுதான்.

நோவெண்ணெய்ப் போத்தல் வெளியே வரும்.

கொய்யா மரத்திலிருந்தோ சைக்கிள் பாரிலிருந்தோ விழுந்து முழங்கை வீங்கிய பையனை மூத்தம்மா பக்கத்தில் இருத்திக்கொள்வார். எண்ணெயை இலேசாகச் சூடுகாட்டி உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பார். "கொஞ்சம் பொறுத்துக்க மகன், உருவி உட்டாத்தான் இளகும்" என்பார். பையன் கத்துவான். பக்கத்து வளவிலிருந்து எட்டிப் பார்க்கும் அம்மம்மா, "இன்னும் கொஞ்சம் அழுத்தி நீவுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை எவ்வளவு கத்துகிறதோ அவ்வளவுக்கு வைத்தியம் பலிக்கிறது என்று பெரியவர்கள் நம்புவார்கள். அந்தக் கைகளில் இருப்பது முழுக்க அன்பு. ஆனால் சில சதைகள் அந்த அன்பையும் காயமாகவே எடுத்துக்கொள்கின்றன.

முழங்கை மடிப்புக்குள், எலும்போடு ஒட்டியபடி ஒரு தசை கிடக்கிறது. மூட்டு விலகும்போதும் எலும்பு வெடிக்கும்போதும் அந்தத் தசை கிழிந்து உள்ளே இரத்தம் கட்டும். அசையாமல் விட்டால் உடல் அந்த இரத்தத்தைக் கரைத்துத் தசையைச் சரிசெய்துவிடும். நாள்தோறும் அழுத்தி உருவினால், மடங்காத கையைப் பலவந்தமாக மடக்கி நீட்டினால், ஆறத் தொடங்கிய இடம் திரும்பத் திரும்பக் கிழியும். பழுதுபார்க்க வந்த உயிரணுக்கள் தசையைக் கட்டவேண்டிய இடத்தில் எலும்பைக் கட்டத் தொடங்கிவிடும். முதல் சில கிழமைகளுக்கு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. பிறகு முகில் படிந்தாற்போல ஒரு மங்கல். இரண்டு மாதமளவில் ஓடு போட்ட எலும்பு. கை நீளாது. நீளவில்லையே என்று இன்னும் உருவுவார்கள்; எலும்பு இன்னும் தடிக்கும். முழங்கை அடிபட்டால் உருவக்கூடாது என்பதை நம் பக்கத்து எலும்பு வைத்தியர்கள் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதற்கு மருத்துவத்தில் மயோசைட்டிஸ் ஒசிஃபிகன்ஸ் என்று பெயர். எலும்பாகும் தசையழற்சி என்று தமிழில் சொல்லலாம். தொடையில் இடிபடும் உதைபந்தாட்டக்காரர்களுக்கும், குதிரை ஓட்டுபவர்களின் உள்தொடையிலும் இது வரும். ஆறுதல் என்னவென்றால் இது அடிபட்ட இடத்தோடு நின்றுவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முற்றி அடங்கும்; சிலருக்குச் சுருங்கியும் போகும். கைக்கு ஓய்வு கொடுத்து, வலிக்காத அளவுக்குப் பிள்ளையே தானாக அசைத்துவந்தால் பெரும்பாலும் போதும்.

அடங்கிப்போகும் இந்தக் கட்டிகூட வைத்தியர்களை ஏமாற்றியிருக்கிறது. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எலும்புப் புற்றைப் போலவே தெரியும். அப்படி நினைத்துச் செய்யக்கூடாத அறுவைகளைச் செய்ததும் உண்டு. அமெரிக்க நோயியலாளர் லோரன் அக்கர்மன் 1958 இல் வித்தியாசத்தைத் தெளிவாக எழுதினார். இந்தக் கட்டியில் விளிம்புதான் முதலில் முற்றுகிறது, நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கிறது. புற்றில் அது தலைகீழ். தென்னைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சிரட்டை இறுகத் தொடங்கிய பிறகும் உள்ளே வழுக்கலாகத்தானே இருக்கிறது.

'அழற்சி' என்ற சொல்லைத் தசையோடு சேர்த்தால் நினைவுக்கு வரவேண்டிய நோய்கள் வேறும் உண்டு. 2016 இல் வந்த 'டங்கல்' படத்தில் சின்ன பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகரை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 2024 பெப்ரவரி 16 அன்று அவர் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில் இறந்தார். வயது 19. அவருக்கு வந்தது டெர்மடோமயோசைட்டிஸ் என்று குடும்பத்தார் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் நோய் அது. கையில் சிவந்த தடிப்பும் வீக்கமுமாகத் தொடங்கியிருக்கிறது. என்ன நோய் என்பது தெரியவந்தது இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான்.

இந்த நோயில் முதல் சந்தேகம் வைத்தியசாலையில் வரவேண்டியதில்லை, வீட்டிலேயே வரலாம். பாயில் இருந்தவர் கையை ஊன்றாமல் எழும்ப முடியாமல் போகிறார். தொழுகையில் சுஜூதிலிருந்து நிலைக்கு வரத் தடுமாறுகிறார். தலைவாரக் கை உயர்வதில்லை. கிணற்றில் வாளி பாதியில் நின்றுபோகிறது. தோளையும் இடுப்பையும் சுற்றிய பெரிய தசைகள்தான் முதலில் தளர்கின்றன என்பதால் இப்படி. இதோடு கண்ணிமையில் ஊதா நிறமும் விரல் மொளிகளில் செந்தடிப்பும் சேர்ந்தால் வாதம், சத்துக்குறைவு என்று நாளைக் கடத்தக்கூடாது. நேரத்தோடு பிடித்தால் கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. தசையில் சின்னதாக ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பார்ப்பது இந்த நோய்க்கு நெடுங்காலமாகப் பெரிய சாட்சி. இதைக் கண்டறியப் போகன், பீட்டர் என்ற வைத்தியர்கள் 1975 இல் வகுத்த அளவுகோல்களில் அதுவும் ஒன்று.

வெப்ப நாடுகளில் இன்னொரு தசைநோயும் அடிக்கடி வரும். தசைக்குள்ளேயே சீழ் கட்டுவது. ஜேர்மன் வைத்தியர் ஸ்க்ரீபா 1885 இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அங்கே கத்திதான் உயிரைக் காக்கும். சீழை வெளியேற்றத் தாமதித்தால் அது இரத்தத்தில் கலந்துவிடும்.

ஆக, கல்முனையில் ஏதோவொரு வைத்தியசாலை வாங்கில் வீங்கிய சதையோடு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குக் கத்தி வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தசைத்துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஓய்வு போதும். மூன்று வீக்கமும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதே வாங்கில் நாலாவதாக ஒரு பிள்ளை, பத்து இலட்சத்தில் ஒன்றாக, வந்து உட்காரக்கூடும். அந்தப் பிள்ளைக்குக் கத்தியும் கூடாது, துண்டும் கூடாது, ஊசியும் கூடாது, மூத்தம்மாவின் கையும் கூடாது.

அந்த நாலாவது பிள்ளையின் நோயையும் ஒருகாலத்தில் மயோசைட்டிஸ் ஒசிஃபிகன்ஸ் என்றே அழைத்தார்கள். பின்னால் 'படிப்படியாகக் கூடுவது' என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார்கள். பெயர் பிழையாக இருந்தது. தசை அழற்சி என்று எண்ணியதெல்லாம் வெறும் முன்னுரை. தசைநார், தசையுறை, இணைப்புத் திசு எல்லாமே எலும்பாக மாறுவதுதான் நோய். இன்றைய பெயர் ஃபைப்ரோடிஸ்ப்ளேசியா ஒசிஃபிகன்ஸ் ப்ரோக்ரெசிவா, சுருக்கமாக எஃப்ஓபி. பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்றும் இருபது இலட்சம் பேருக்கு ஒருவர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். உலகின் எந்த இனத்தையும் எந்த நாட்டையும் அது தேடிப் பிடிப்பதில்லை, எதையும் விட்டுவைப்பதுமில்லை. இந்தக் கணக்கை இலங்கையின் இரண்டு கோடியே சொச்சம் மக்கள்மேல் வைத்துப் பார்த்தால், பத்திலிருந்து இருபது பேர் இந்த நோயோடு இந்தத் தீவில் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் அதைப்போல மூன்று, நாலு மடங்கு.

பாரிஸ் வைத்தியர் கீ பாத்தான் ஒரு பெண் கட்டையாக இறுகிப்போனதைப் பற்றி எழுதிய கடிதம் 1692 இல் அச்சில் வந்தது. இந்த நோயின் மிகப் பழைய பதிவு அதுவென்று சொல்வார்கள். அதைவிடத் தெளிவானது லண்டன் அறுவை வைத்தியர் ஜோன் ஃப்ரீக் 1736 இல் ரோயல் சொசைட்டிக்கு எழுதியது. பதினாலு வயதுப் பையன் ஒருவன், முதுகெல்லாம் வீக்கத்தோடு அவர் வேலைபார்த்த சென் பார்த்தலமியு வைத்தியசாலைக்கு வந்தான். மூன்று வருடங்களாக அந்த வீக்கங்கள் வளர்ந்திருந்தன. கழுத்தெலும்பிலிருந்து கீழே வரை, முதுகெலும்பிலும் விலாவிலுமிருந்து எலும்புகள் கிளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததைப் பார்த்த ஃப்ரீக்குக்கு நினைவு வந்த உவமை முருகைக்கல். முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கிழக்குக் கரையில், அந்தப் பையனின் முதுகை மனக்கண்ணில் பார்க்க எக்ஸ்ரே தேவையில்லை.

ஃப்ரீக்கின் பையனுக்குப் பெயர் கிடைக்கவில்லை. இருநூறு வருடம் கழித்துப் பிறந்த ஹரி ஈஸ்ட்லக்கின் பெயர் கிடைத்திருக்கிறது. 1933 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். சின்ன வயதில் சகோதரியோடு விளையாடும்போது இடக்கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு சரியாகச் சேரவில்லை. அதற்குப் பதிலாக இடுப்பும் முழங்காலும் இறுகத் தொடங்கின. வைத்தியர்கள் வேண்டாத எலும்பை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் முன்னிருந்ததைவிடத் தடித்த எலும்பு வந்தது. பலமுறை வெட்டினார்கள், பலமுறை வந்தது. முதுகு, கழுத்து, தோள், கடைசியில் தாடை. இறுதிக் காலத்தில் அவரால் அசைக்க முடிந்தது உதடுகளை மட்டும். 1973 நவம்பரில், நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது, நிமோனியாவில் இறந்தார். தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருடைய எலும்புக்கூடு இப்போது பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சாதாரண எலும்புக்கூட்டைக் கம்பியாலும் பசையாலும் கோத்தால்தான் நிற்கும். சதை போனபின் மூட்டுகள் விட்டுவிடும். ஹரியுடையது அப்படியில்லை. முதுகின் மேல் எலும்புத் தகடுகள் படர்ந்திருக்கின்றன, தோளிலிருந்து கைக்கு எலும்பு நாடாக்கள் ஓடுகின்றன. உயிரோடு இருந்தபோது எந்தக் கோலத்தில் இறுகினாரோ அந்தக் கோலத்திலேயே கிட்டத்தட்ட ஒரே துண்டாக நிற்கிறார். 2019 இலிருந்து அவருக்கு அருகில் கரோல் ஓர்செல் இருக்கிறார். அவருக்கும் இதே நோய், 2018 இல் இறந்தார். ஹரிக்குப் பக்கத்தில் தன்னை வைக்கவேண்டும், தான் ஆசையாகச் சேர்த்த நகைகளையும் கூடவே வைக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் அந்தக் கவரிங் நகைகளைப் பார்ப்பவர்கள், எதிரே நிற்பது நோயின் மாதிரி மட்டுமில்லை, காலையில் எழுந்து எந்தத் தோடு போடுவது என்று யோசித்த ஒருத்தி என்பதை உணராமல் அங்கிருந்து நகர முடியாது.

எஃப்ஓபி செய்யும் எலும்பு உண்மையான எலும்பு. டெர்மடோமயோசைட்டிஸ் வந்த சில பிள்ளைகளுக்குத் தோலுக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டிகள் தங்கும். அவை உயிரற்ற படிவுகள். இது அப்படியில்லை. கருப்பையில் கையும் காலும் எப்படி முதலில் குருத்தெலும்பாகிப் பிறகு எலும்பாகுமோ அதே ஒழுங்கில், மச்சையும் இரத்தக்குழாயும் வைத்து, பிழையில்லாமல் கட்டப்பட்ட எலும்பு. கட்டிய இடம் மட்டும்தான் பிழை. அது வரும் வழியிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரும்பாலும் முதல் பத்து வயதுக்குள் தொடங்கும். முதலில் கழுத்து, முதுகு, தோள். பிறகு கீழே இறங்கி இடுப்பு, முழங்கால். நடுவிலிருந்து கைகால்களின் நுனிப்பக்கம் போகும். ஒரே இரவில் சூடாக, சிவந்து, கல்லுப்போல வீங்கும் ஒரு கட்டி, சில கிழமைகளில் மறையும் அல்லது எலும்பாகும். முப்பது வயதுக்குள் பெரும்பாலானோர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். நெஞ்சுக்கூடு இறுகுவதால் மூச்சு சுருங்குவதே கடைசியில் பலருக்கு எமனாகிறது.

ஆனால் சில தசைகளை இந்த நோய் தொடுவதேயில்லை. நாக்கு. கண்ணை அசைக்கும் தசைகள். மூச்சை இழுக்கும் உதரவிதானம். இதயம். உடல் முழுவதும் பூட்டிக்கொண்டபின்னும் அந்த மனிதர் பார்க்கிறார், பேசுகிறார், விழுங்குகிறார், கோபப்படுகிறார், சிரிக்கிறார். எழுதியவர்களும் இருக்கிறார்கள், படம் வரைந்தவர்களும் இருக்கிறார்கள். 1988 இல் ஜீனி பீப்பர் என்ற பெண், தானும் இதே நோயோடு இருந்துகொண்டு, உலகில் எங்கெங்கோ தனித்தனியே கிடந்த நோயாளிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியதிலிருந்துதான் சர்வதேச எஃப்ஓபி சங்கம் பிறந்தது. அதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் மிகப் பலர், தங்களைப்போல் இன்னொருவரை ஒருமுறைகூடப் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள்.

காரணம் தெரிய 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளிகளில் பிள்ளை பெற்றவர்கள் மிகக் குறைவு என்பதால், தலைமுறை தலைமுறையாக நோய் வந்த குடும்பங்களை உலகெங்கும் தேடவேண்டியிருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஐலீன் ஷோரும் பிரெடரிக் கப்லனும் தங்கள் குழுவோடு ஏசிவிஆர்1 என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். மனித மரபுத்தொடரின் முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மருதமுனைத் தறிகாரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பாவில் ஓரிழை தவறிக் கோத்தால், அந்தத் தவறு ஒரு முழத்தில் நிற்காது. தறி ஓடும்வரை சாரம் முழுவதும் கூடவே ஓடும்.

அந்த மரபணு ஒரு வாங்கியைச் செய்கிறது. எங்கே, எப்போது எலும்பைக் கட்டவேண்டும் என்று வரும் செய்தியை உயிரணுவின் மேல் நின்று வாங்கிக்கொள்ளும் கதவு அது. மாறிய எழுத்து அந்தக் கதவைச் சரியாகச் சாத்தவிடாமல் செய்கிறது. 2015 இல் இன்னொரு உண்மை வெளியானது. அக்டிவின்-ஏ என்ற புரதம், காயம்பட்ட இடத்திலும் அழற்சியிலும் உடல் வழக்கமாகச் சுரப்பது, எல்லோருடைய உடலிலும் இந்தக் கதவைத் திறப்பதில்லை. எஃப்ஓபி உள்ளவர்களிடம் மட்டும் திறக்கிறது. அடிபட்டால், விழுந்தால், சளிக்காய்ச்சல் வந்தால், ஊசி குத்தினால் எலும்பு வருவது ஏன் என்ற புதிர் அதோடு பெருமளவுக்கு அவிழ்ந்தது. உடல் காயத்தை ஆற்றவே முயல்கிறது. ஆற்றும் முயற்சிதான் எலும்பாகிறது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த நோயைப் பற்றித் தமிழில் எழுதவேண்டிய அவசரம். 2005 இல் வெளியான ஓர் ஆய்வில் உலகெங்குமுள்ள 138 நோயாளிகளின் கதையைச் சேர்த்துப் பார்த்தார்கள். 87 சதவீதமானவர்களுக்கு முதலில் வேறு ஏதோ நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. அதிகமாகச் சொல்லப்பட்டது புற்றுநோய். சரியான பெயர் கிடைப்பதற்குச் சராசரியாக நாலு வருடம் போயிருந்தது. அதற்குள் ஆறு வைத்தியர்களைப் பார்த்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்குத் தேவையில்லாத வெட்டும் துளையும் நடந்திருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேர், 49 சதவீதம், அந்தச் சிகிச்சையாலேயே நிரந்தரமாக அசைவை இழந்திருந்தார்கள். நோய் செய்ததைத் தள்ளிவிட்டு, உதவ வந்த கைகள் செய்தது மட்டும் இது. அவர்களில் யாரும் கெட்டவர்களில்லை. வீக்கத்தைக் கண்டார்கள், புற்றோ என்று பயந்தார்கள், துண்டு எடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியதைத்தான் செய்தார்கள்.

தடுப்பூசி பற்றியும் கவனமாகச் சொல்லவேண்டும். 1995 இல் வந்த ஆய்வொன்று, எஃப்ஓபி உள்ள பிள்ளைகளுக்குத் தசைக்குள் போடும் முக்கூட்டு ஊசி போட்ட இடத்தில் நிரந்தர எலும்பு வந்ததைக் காட்டியது. தோலுக்குக் கீழே போடும் சின்னமுத்து ஊசி அப்படிச் செய்யவில்லை. வித்தியாசம் மருந்தில் கிடையாது, ஊசிமுனை போகும் ஆழத்தில். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் தடுப்பூசியை நிறுத்திவிடக்கூடாது. இலட்சக்கணக்கான பிள்ளைகளை அந்த ஊசிதான் காத்துக்கொண்டிருக்கிறது. எஃப்ஓபி உள்ள பிள்ளைக்கும் பல தடுப்பூசிகளைத் தோலுக்குக் கீழே, கட்டி எழும்பாத காலம் பார்த்துப் போட வழியிருக்கிறது. பல்லும் அப்படித்தான். தாடை மரக்கப் போடும் ஊசியும், வாயைப் பலவந்தமாகத் திறந்து வைத்திருப்பதும் தாடையை ஒரேயடியாகப் பூட்டிவிடும். அதனால் இந்தப் பிள்ளைகளின் வாய்ச் சுத்தம் அழகுக்கான விஷயமாக இல்லாமல் உயிர் விஷயமாகிறது.

இவ்வளவு கொடிய நோய், பிறந்த நாளிலேயே ஓர் அடையாளத்தைக் காட்டிவிடுகிறது. பிறந்த பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். நாலு விரலும் சரியாக இருக்கும். பெருவிரல் மட்டும் குட்டையாக, இரண்டாம் விரல் பக்கம் சாய்ந்திருக்கும். விரல் மடங்கும் இடத்தில் இருக்கவேண்டிய கோடு அழிந்தாற்போல இருக்கும். பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி. சில பிள்ளைகளுக்குக் கைப் பெருவிரலும் குட்டையாக இருக்கும். வலியில்லை, வீக்கமில்லை. "வாப்பாட விரல் மாதிரி" என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை பால் குடித்துத் தூங்கும். முதல் கட்டி கழுத்தில் எழும்புவதற்கு இன்னும் சில வருடங்கள் இருக்கலாம்.

அந்த வருடங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். இலங்கையில் அநேகமாக எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான் நடக்கிறது. பிறந்ததும் பிள்ளையைத் தலைமுதல் கால்வரை பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் மிட்வைஃப் மிஸ் தேடிவந்து பார்க்கிறார், கிளினிக் கொப்பியில் எழுதுகிறார். தொடையில் போடும் முதல் ஐங்கூட்டு ஊசிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பெரியநீலாவணையில் ஓர் ஓலைப் பந்தலுக்குக் கீழே நடக்கும் கிளினிக்கில்கூட, கண்ணைத் தவிர வேறெந்தக் கருவியும் இல்லாமல் இந்த விரலை அடையாளம் காணலாம். எத்தனையோ நோய்களுக்குப் பெரிய ஸ்கானும் கொழும்புப் பயணமும் வேண்டியிருக்கும்போது, இதற்கு முதல் படி ஒரு கால்விரல்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். இப்படியொரு பிள்ளை பிறந்தால் ஊர் முதலில் தாயைத்தான் கேட்கும். கிரகணத்தில் வெளியே போனாயா, கண்ணூறு பட்டதா, எதைச் சாப்பிட்டாய். அடுத்தது சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ததால் என்பார்கள். இரண்டுமே பிழை. பெரும்பாலான எஃப்ஓபி பிள்ளைகளின் தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த மாறிய எழுத்து இருந்ததே இல்லை. கரு உருவாகும் நேரத்தில் தற்செயலாக, புதிதாக நேர்ந்த மாற்றம் அது. ஒரே ஒரு பிரதி மாறினாலே நோய் வரும் என்பதால் உறவுமுறைத் திருமணத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. யாருடைய பாவமும் யாருடைய தவறும் அதில் கிடையாது.

விழவே கூடாத பிள்ளையை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு வைத்தியப் புத்தகத்தில் முழுப் பதில் இல்லை. பந்து விளையாட விடாமல், சைக்கிள் ஏற விடாமல், மற்றப் பிள்ளைகள் கடலில் குதிக்கும்போது கரையில் இருத்தி வைத்தால் உடல் கொஞ்சம் காக்கப்படும், பிள்ளைப்பருவம் போய்விடும். தலைக்கவசமும் முழங்கால் உறையும் போட்டு, தள்ளிவிடாத கூட்டாளிகளோடு அளவாக விளையாட விடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் செய்வதுதான் சரி என்று தோன்றுகிறது. நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் கூட நிற்க, அலையில்லாத தண்ணீரில் மிதப்பது இந்தப் பிள்ளைகளுக்கு நிலத்தில் கிடைக்காத சுதந்திரம்.

மருந்து என்று ஒன்றும் இல்லாமல் முந்நூறு வருடம் போனது. பலோவரோட்டீன் என்ற மாத்திரையைக் கனடா 2022 ஜனவரியிலும் அமெரிக்கா 2023 ஓகஸ்டிலும் அனுமதித்தன. புதிய எலும்பு சேரும் அளவை அது குறைக்கிறது. ஏற்கனவே வந்த எலும்பைக் கரைக்காது. வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடக்கூடும் என்பதால் சின்னவர்களுக்குக் கொடுப்பதில்லை. பெண்பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஆண்பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஆகவேண்டும். அக்டிவின்-ஏயைத் தடுக்கும் மருந்துகளும் பரிசோதனையில் இருக்கின்றன. நமக்கு அருகில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் விரிஷா மாதுரியும் அவரோடு வேலைசெய்தவர்களும் இந்திய எஃப்ஓபி நோயாளிகளின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டார்கள். அந்த ஊருக்குச் சிகிச்சை தேடிப் போய்வரும் இலங்கைக் குடும்பங்கள் உண்டு. தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மருந்து வரும், விலை குறையும், அது எப்போது இந்தக் கரைக்கு வந்துசேரும் என்பது வேறு கதை. விரலைப் பார்ப்பதற்கு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

குட்டைப் பெருவிரல் எல்லாம் எஃப்ஓபி ஆகாது. சாய்ந்த விரலோடு பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையுமில்லாமல் வளர்ந்துவிடுவார்கள். ஆனாலும் இரண்டு காலிலும் பெருவிரல் குட்டையாக உள்ளே சாய்ந்திருந்தால், முதல் ஐங்கூட்டு ஊசிக்கு முன்னால், பிள்ளை வைத்தியரிடம் அந்தக் காலை நீட்டிக் காட்டுங்கள். அந்த விரலோடு வளர்ந்த பிள்ளையின் கழுத்திலோ முதுகிலோ தலையிலோ திடீரென்று வீக்கம் எழும்பினால் உருவாதீர்கள், பத்துப் போடாதீர்கள், வெட்டித் துண்டு எடுக்க விடாதீர்கள். எஃப்ஓபியாக இருக்குமா என்று வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கவேண்டிய சோதனைக்கு ஏசிவிஆர்1 மரபணுச் சோதனை என்று பெயர். அதற்குச் சிறிதளவு இரத்தம் போதும்.